பூச்சிக்கும் காணி, நமக்கும் காணி

(தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், லயம், காணி என்று பேச வேண்டியது மலைபோலக் கிடக்கும்போது இன்றைக்கு ஏன் பூச்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கொழுந்து எடுக்கப்போன இடத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். குளவிக்கொட்டில் உயிரைவிட்டவர்களின் குடும்பங்களை நாம் அறிவோம். அப்படிப்பட்டவர்கள் முன்னால் நின்று "பூச்சிக்கும் கொஞ்சம் இடம் விடுவோம்" என்று சொல்வது லேசான காரியம் அல்ல. ஆனாலும் சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஏனென்றால் இதுவும் காணிப் பேச்சுத்தான்.

முதலில் நம் மலைகளில் நடந்த ஒரு கதை. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டி, அதற்குள் இருந்து தின்னும் புழுவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது இலங்கைத் தேயிலையைப் படாதபாடு படுத்தியது. 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு பூச்சியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வருவது புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். சுருட்டுப்புழு அடங்கியது. அந்தப் பூச்சி என்ன தெரியுமா? ஒரு குளவி. மனிதரைக் கொட்டாத, மெல்லிய, சின்னஞ்சிறு குளவி.

கதை அத்தோடு முடியவில்லை. பிறகு தேயிலைக் கிளையில் துளைபோடும் வண்டை ஒழிக்க டில்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து அந்தச் சின்னக் குளவியையும் கொன்றது. காவல்காரன் போன பிறகு கேட்கவா வேண்டும்? சுருட்டுப்புழு மறுபடியும் பெருகியது. மருந்து அடித்தவர்களே புதிய நோயை உண்டாக்கினார்கள். அந்த மருந்து டாங்கியை முதுகில் சுமந்தவர்கள் யார், அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் யார் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறித் தோட்டத்தைப் பாருங்கள். பூசணியிலும் பீர்க்கிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீயோ வேறு பூச்சியோ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் பிஞ்சு நிற்காது, வெம்பி விழுந்துவிடும். பூச்சி இல்லாத இடத்தில் நம் சட்டியிலும் கறி இல்லை.

பூச்சிக்கு நிலத்தை விட்டுவைப்பதையும், நிலத்தை ஊர்கூடிக் காப்பதையும் சில நாடுகளில் கலையாகவே செய்திருக்கிறார்கள். படம் வரைவது, சிலை செதுக்குவது போல நிலத்தையே கலைப்படைப்பாக்குவது. பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல் கேளுங்கள். தொழிற்சங்கத்துக்கு இதில் பாடம் இருக்கிறது.

இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில், பழைய களிமண் சுரங்கக் குழியில் அமைந்த ஈடன் புரொஜெக்ட் என்ற பூங்கா இருக்கிறது. அங்கே 2021இல் அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க் என்ற கலைஞர் 55 மீட்டர் நீளத்தில் ஒரு தோட்டம் போட்டார். பெயர் 'பொலினேட்டர் பாத்மேக்கர்'. எந்தச் செடியை எங்கே நடுவது என்று கணினி தீர்மானித்தது. மனிதர் கண்ணுக்கு எது அழகு என்று அது பார்க்கவில்லை. எப்படி நட்டால் அதிக வகைப் பூச்சிகளுக்கு இரை கிடைக்கும் என்று மட்டும் பார்த்தது. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆனால் நமக்குத் தெரியாத புறஊதா நிறம் தெரியும். அந்தத் தோட்டத்தின் இரசிகர் பூச்சிதான். அதே முறையில் யாரும் தங்கள் வீட்டுக்கு ஒரு தோட்டத்தை வரைந்து நட்டுக்கொள்ளலாம். அப்படி நடப்படும் ஒவ்வொரு தோட்டமும் அந்தக் கலைப்படைப்பின் ஒரு பகுதி. ஆனால் நடுவதற்கு நிலம் வேண்டுமே! நமக்கு அங்கேதான் இடிக்கிறது.

இரண்டாவது, பின்லாந்து. யுலோயார்வி என்ற ஊருக்குப் பக்கத்தில் சரளைக்கல் தோண்டிப் பாழாக்கிய நிலம் கிடந்தது. அக்னஸ் டெனிஸ் என்ற பெண் கலைஞரின் திட்டப்படி அங்கே ஒரு மலையை உண்டாக்கி, 1992க்கும் 1996க்கும் இடையில் 11,000 பேர் 11,000 பைன் மரங்களைச் சுருள் வடிவத்தில் நட்டார்கள். 'மர மலை' என்று பெயர். அது பூச்சிக்காகவென்று நட்டது அல்ல. நாங்கள் அதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த நிலம் 400 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்பட்டது. நட்ட ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் பிள்ளைக்கு, பேரனுக்கு, கொள்ளுப்பேரனுக்கு என்று வாரிசு வழியாகப் போகும்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு மரம் நட்டவருக்கு 400 ஆண்டுக்குப் பத்திரம். இங்கே 1823இல் தொடங்கி 200 வருஷத்தை 2023இல் கடந்துவிட்டோம். காட்டை அழித்து, கோப்பியையும் தேயிலையையும் நட்டு, இந்த மலைகளுக்கு உருவம் கொடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்த மரத்துக்கு இருக்கிற பத்திரம் நம்மில் எத்தனை பேருடைய லயத்து அறைக்கு இருக்கிறது? ஏழு பேர்ச்சஸ் காணி இன்னும் எத்தனை குடும்பத்துக்கு வெறும் பேச்சாகவே இருக்கிறது?

மூன்றாவது கதை அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் என்ற இடத்தில். எரிவாயுக் குழாய் போட மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 2015இல் அவீவா ரஹ்மானி என்ற கலைஞரும் ஊர் மக்களும் மரங்களில் நீல நிறத்தில் அலைக்கோடு வரைந்தார்கள். மரத்துக்குக் கெடுதல் இல்லாத, மோர் கலந்த நிறம். மரங்களையெல்லாம் சேர்த்து ஒரு இசைப் படைப்பாக்கி, பதிப்புரிமையும் பதிந்தார்கள். கலைப்படைப்பைச் சிதைக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பது அவர்களுடைய வாதம். ஆனாலும் பீக்ஸ்கில்லில் மரங்களை வெட்டிவிட்டார்கள். 2018இல் ஒரு சட்டக் கல்லூரியில் நடந்த மாதிரி வழக்கில் கலைஞர் பக்கம் தீர்ப்புக் கிடைத்தது. வெட்டிய மரம் திரும்பி வரவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலைஞரும் மக்களும் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். பின்லாந்தில் அவர்களோடு அரசாங்கத்தின் எழுத்தும் இருந்தது. பீக்ஸ்கில்லில் அது இல்லை. இது நமக்குப் புதிய பாடமா? தனி ஆள் துரையிடம் போய்ச் சொன்னால் கேட்பதில்லை. எல்லோரும் சேர்ந்து சொல்லி, அதை ஒப்பந்தமாக எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தால்தான் நிற்கும்.

ஊர்கூடிச் செய்யும் கலையும் நமக்குப் புதிது அல்ல. மாசி மாதம் காமன் ஊன்றுகிறோம். ரதியும் மன்மதனும் ஆடுகிறார்கள். தோட்டமே திரண்டு நிற்கிறது. அந்தக் கூத்துக்காகக் காமன் பொட்டலை வைத்திருக்கிறோம். உறுதிப்பத்திரம் இல்லாமலே, கலையால் மட்டும் நாம் பிடித்துவைத்திருக்கும் நிலம் அது. முனி இருக்கும் மரத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனம் வராது. அதுவும் அப்படித்தான்.

ஆகவே எங்கள் யோசனை இது. ஒவ்வொரு தோட்டத்திலும் தேயிலை நிற்காத ஒரு துண்டை, ஓடைக்கரையையோ கைவிட்ட செங்குத்துச் சரிவையோ, பூச்சிக்கான காடாக விட்டுவைப்போம். எல்லையில் நம் பிள்ளைகள் கல்லில் படம் வரையட்டும். இந்த மண்ணுக்குரிய பூஞ்செடிகளைக் குடும்பத்துக்கு ஒன்றாக நடுவோம். நட்டவர் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதுவோம். மாசிக் கூத்து ஒரு நாள் அந்த எல்லைவரை போய்வரட்டும்.

ஆனால் வெறும் அலங்காரமாக இதைச் செய்ய நாங்கள் தயாரில்லை. நான்கு நிபந்தனைகளை எழுத்தில் கேட்போம்.

ஒன்று: அந்தத் துண்டிலும் அதைச் சுற்றியும் மருந்தடிப்புக் கூடாது.

இரண்டு: இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் நம் மரக்கறித் தோட்டத்தில் ஒரு அடியைக்கூட எடுக்கக் கூடாது, வீட்டுக் காணிக்கான நிலத்திலும் கை வைக்கக் கூடாது. பூச்சியைக் காட்டி மனிதரை விரட்டும் வேலைக்கு நாம் துணைபோக மாட்டோம்.

மூன்று: கொட்டும் குளவிக்கூடு கொழுந்து மலையில் எங்கே இருக்கிறது என்று வேலைக்கு முன் பார்த்து, அடையாளம் வைத்து, அந்த மலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டும். கொட்டுப்பட்டவரை உடனே கொண்டுபோக வாகனம் வேண்டும். அன்றைய பேரும் நட்டஈடும் கிடைக்க வேண்டும். பூச்சிக்கு அதனுடைய இடம் என்றால், தொழிலாளிக்கு ஆபத்தில்லாத இடமும் அதோடு சேர்ந்ததுதான்.

நான்கு: பதிவேட்டில் உள்ள பெயர்களைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் ஏற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். அது காணி உறுதி ஆகாது, நமக்குத் தெரியும். ஆனால் "இந்த மண்ணை இன்னார் நட்டார், இன்னார் காக்கிறார்" என்று நம் பெயர் போட்டு எழுதிய ஒரு தாள் அது. செக்ரோலில் கூலிக்காக எழுதிய பெயர், மண்ணுக்காகவும் ஒரு தடவை எழுதப்படட்டும். நாளைக்கு ஏழு பேர்ச்சஸைக் கேட்கப் போகும்போது அந்தத் தாளையும் கையில் கொண்டுபோவோம்.

கமிட்டித் தலைவர்கள் இதை லயம் லயமாகப் பேசுங்கள். மாதர் தலைவிகள் குளவிக்கூடுகள் உள்ள மலை இலக்கங்களைக் குறித்துவாருங்கள். அந்தப் பட்டியல்தான் முதலில் வேண்டும். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.