வீட்டிலோர் ஏட்டறை

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சேர்ந்த தமிழர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த உடைமைகளுள் எடை குறைந்ததும் ஈடு இல்லாததும் ஒன்று உண்டு. அது நினைவு. முன்னாளில் அது தகரப் பெட்டியின் அடியில் கடிதமாகவும் புகைப்படமாகவும் கிடந்தது. இன்றோ பாட்டியாரின் தாலாட்டும், தந்தையாரின் குரலும், ஊர் வீட்டுப் பத்திரத்தின் படமும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. கைப்பேசி தொலைந்தால் அவையும் தொலையும். அவற்றை வீட்டில் தொகுத்துக் காக்கும் முறைபற்றிச் சில சொல்லக் கருதுகிறோம்.

இதற்கென்று கடைகளில் ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். 'நாஸ்' என்பது அதன் வழக்குப் பெயர். இரண்டு அல்லது நான்கு ஹார்டு டிஸ்குகளை அதனுள் பொருத்தி, இணையம் தரும் ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டார் அனைவரும் தத்தம் கைப்பேசியிலிருந்தே அதில் படங்களைச் சேர்க்கலாம். வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம்.

முதன்முதல் இயக்கும்போது, டிஸ்குகளை எவ்வாறு அமைப்பது என்று பெட்டி நம்மைக் கேட்கும். இதற்கு நாம் சொல்லும் விடையே முக்கியமானது. அமெரிக்காவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988-இல் வெளியிட்ட கட்டுரையால் 'ரெய்டு' என்று பெயர் பெற்ற முறைகள் இங்கே பயன்படுகின்றன. நான்கு டெராபைட் கொள்ளும் டிஸ்குகள் இரண்டு நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் எட்டு டெராபைட் இடம் கிடைக்கும். ஆயின் ஒன்று பழுதுற்றாலும் எல்லாம் போய்விடும். ஒன்றை மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக அமைத்தால் இடம் நான்குதான். ஆயின் ஒன்று பழுதுற்றாலும் மற்றது கைகொடுக்கும். பழுதானதை நீக்கிப் புதியதைப் பொருத்தினால், பெட்டி தானே பல மணி நேரம் உழைத்துப் பிம்பத்தை மீண்டும் எழுதிக்கொள்ளும். குடும்ப நினைவுகளுக்கு இம்முறையே ஏற்றது. பாதி இடம் போயிற்றே என்று வருந்த வேண்டா.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. அமைக்கும் வேளையில் டிஸ்கில் முன்பே இருப்பவை அழிக்கப்படும். ஆதலின் அவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிம்ப முறையில் சிறிய டிஸ்கின் அளவே கணக்கில் வருமாதலின் இரண்டும் ஒரே அளவினவாக இருத்தல் நன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும். எனவே ஒரு யு.பி.எஸ். தேவை.

இவ்வளவும் செய்தபின் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. ஒரு படத்தை நாம் தவறுதலாக அழித்தால், பிம்பத்திலும் அது அக்கணமே அழியும். திருடனும் தீயும் இரண்டு டிஸ்குகளையும் சேர்த்தே கொண்டுபோகும். பெட்டிக்குள் இருப்பவை இரண்டு டிஸ்குகளேயன்றி இரண்டு பிரதிகள் அல்ல.

இவ்வுண்மையைத் தமிழர் பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடிக்கொள்ள முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் போனவை போனவையே. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். ஏடுகள் பல ஊர்களில் பிரிந்திருந்தமையே தமிழைக் காத்தது. நாம் குடியிருக்கும் மல்லேசுவரமும், 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபோது, நெரிசலான பழைய நகரை விட்டு மக்கள் விலகி வந்து குடியேறி வளர்ந்த பகுதியே. எல்லாம் ஓரிடத்தில் நெருங்கியிருத்தல் மனிதருக்கு மட்டுமன்று, ஏடுகளுக்கும் ஆகாது.

வெளியூர்த் தமிழருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நமக்கு இரண்டு ஊர்கள் உள. தனியாக ஒரு டிஸ்கில் அனைத்தையும் படியெடுத்து, கடவுச்சொல்லால் பூட்டி, பொங்கலுக்கு ஊர் செல்லும்போது அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ வைத்துவிட்டு வரலாம். மறுமுறை செல்கையில் புதிய படி ஒன்றை வைத்துப் பழையதை எடுத்து வரலாம். அங்கிருக்கும்போதே இரண்டொரு கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுவது நன்று. திறந்து பாராத பிரதியை நம்புவதற்கில்லை.

ஊரைப் பிரிந்திருப்பதைக் குறையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். நினைவுகளைக் காக்கும் இந்த ஒரு காரியத்திலேனும் அப்பிரிவு நமக்குத் துணையாகட்டும். தாத்தாவின் குரலைப் பேரன் கேட்க விரும்பும் நாளில், மல்லேசுவரத்தில் இல்லாவிடினும் மன்னார்குடியில் அது கிடைக்க வேண்டும்.