மாசி பிறந்தால் மாத்தளை



கண்டி எசல பெரஹராவைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யானையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே கதிரை விலையைச் சொல்லிவிடுவார்கள். கடைசி நாள் ரந்தோலி ஊர்வலத்துக்கு வீதியோரக் கதிரையொன்றில் குந்த வேண்டுமென்றால் கையில் நல்ல காசு இருக்க வேண்டும். காசில்லாமலும் பார்க்கலாம்தான். காலையிலேயே நடைபாதையில் பாயை விரித்து, பிள்ளைகளையும் தண்ணீர்ப் போத்தலையும் காவல் வைத்து, இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். சீகிரியாவுக்குப் போனால் கதை வேறு. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உங்கள் மருமகனுக்கு நுழைவுச்சீட்டு மட்டும் 30 டொலருக்கு மேல்.

சீகிரியா இருக்கும் அதே மாத்தளை மாவட்டத்தில், ஒரு சதமும் கேட்காத விழா ஒன்று மாசி மாதத்தில் நடக்கிறது. அங்கேதான் இன்று உங்களைக் கூட்டிப் போகப் போகிறேன்.

மாத்தளை நகரம் கண்டிக்கு வடக்கே 26 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி இந்த நகரத்தின் ஊடாகத்தான் போகிறது. ஆகவே வடக்கிலிருந்து கண்டி பஸ்ஸில் வருபவர்கள் தம்புள்ளை, நாலந்தை தாண்டி நேரே மாத்தளையிலேயே இறங்கிக்கொள்ளலாம். ரயில் பாதையும் உண்டு, 1880இல் திறந்தது. அந்தக் கிளைப் பாதை மாத்தளையோடு முடிந்துவிடும். நான் சொல்வது பஸ்ஸைத்தான். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் தூரத்திலேயே கோபுரம் தெரியும். 108 அடி உயரம். நகரத்தில் எங்கே நின்று வழி கேட்டாலும் அந்தக் கோபுரத்தைக் காட்டித்தான் வழி சொல்வார்கள்.

அதுதான் ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானம். மாசி மகத்தை ஒட்டி இங்கே பஞ்சரத பவனி. ஐந்து தேர் ஒன்றன்பின் ஒன்றாக நகரைச் சுற்றி வரும்.

எப்போது போவது என்று கேட்பீர்கள். இங்கிலீஷ் கலண்டரில் நிரந்தரமான திகதி கிடையாது. பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மாசி மாதம். அதில் பௌர்ணமியை அண்டி மக நட்சத்திரம் வரும். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பௌர்ணமிப் போயா தினத்தைத் தேடுங்கள். மகம் அந்த நாளில் அல்லது அதற்குப் பக்கத்தில் விழும். போயா என்றால் நாடு முழுக்க விடுமுறை, லீவு எடுக்கும் தொல்லையும் குறைவு. சரியான நேரம் தெரிய வேண்டுமென்றால் கொடியேற்றத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கம் யாரையாவது விசாரியுங்கள். பஸ் நிலையச் சுவரிலும் சாப்பாட்டுக் கடைக் கண்ணாடியிலும் மஞ்சள், சிவப்பு எழுத்தில் திருவிழா அறிவித்தல் ஒட்டியிருக்கும். அதில் ஒவ்வொரு நாளுக்கும் என்ன பூசை, யாருடைய உபயம் என்று வரிசையாக இருக்கும். சுற்றுலாக் கையேடுகளில் இவ்வளவு விவரம் கிடைக்காது. அவற்றில் மாத்தளை என்றால் மிளகும் கறுவாவும்தான்.

ஏன் மாத்தளையில், ஏன் மாரியம்மன்? இதைச் சொல்லாமல் தேரைக் காட்டினால் பாதியைத்தான் காட்டியதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய சனங்கள் காடு வழியே நடந்தார்கள். ரயிலும் இல்லை, ஒழுங்கான வீதியும் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் துரத்த, விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்த வடக்குப் பாதையில் காடு கழிந்து மலைநாடு தொடங்கும் வாசல்தான் மாத்தளை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட நினைத்தது அம்மை நோயையும் மழையையும் கையில் வைத்திருக்கும் மாரியை. மரத்தடியில் சிறிய உருவமாக இருந்தவள்தான் பிறகு கோயிலும் கோபுரமுமாக வளர்ந்தாள். தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் இந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. திருத்திக் கட்டினார்கள், தேர் மறுபடியும் ஓடியது. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து கால்நடையாக வந்து முடித்த இடமும் மாத்தளைதான். மலையகத்து மாரியம்மன் வழிபாட்டைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் இவ்வூர்க்காரரான எழுத்தாளர் மாத்தளை வடிவேலன். பயணத்துக்கு முன்பு கிடைத்தால் படியுங்கள்.

சரி, தேருக்கு வருவோம்.

வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் தேர்ச் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தபடி நடக்கும் ஆட்களைப் பாருங்கள். கையில் ஆளுக்கொரு முட்டுக்கட்டை, சில்லு தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் நார்நாராகக் கிழிந்த கட்டை. இவ்வளவு பாரத்தை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள் பொறுப்பு. சரியான நொடியில் சில்லுக்கடியில் கட்டையைச் செருக வேண்டும், அடுத்த நொடியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தேர் "க்ரீச்" என்று முனகி, மேலே குடை ஒருமுறை ஆடி, ஒரு சாண் இடப்பக்கம் திரும்பும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஒருவர் கை காட்டுவார். முன்னால் தவில்காரர் உருட்டி உருட்டி அடிக்க, பின்னால் தோட்டத்திலிருந்து வந்த பறை மேளம் தன் பாட்டில் வேறு தாளம் போடும். இரண்டும் சேராது. சேர வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதுமில்லை.

நேர்வீதியில் நின்றால் தேர் உங்களைக் கடந்து போய்விடும். ஆகவே திருப்பம் ஒன்றைப் பார்த்து நில்லுங்கள். திருப்பத்தில் தேர் நிற்கும், பின்வாங்கும், மறுபடி முயலும். அர்ச்சனைத் தட்டுடன் நிற்கும் அம்மாமார், பால்குடம் எடுத்துக் களைத்த பிள்ளைகள், கடை வாசலில் கதிரை போட்டுப் பார்க்கும் முஸ்லிம் முதலாளி, மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழையும் சிங்களக் குடும்பம் என்று எல்லோரையும் அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். எத்தனை மணிக்குத் தேர் வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆளுக்கொரு மணி சொல்வார்கள், எல்லாம் பிழைக்கும்.

செலவு? பஸ் காசு. தாகத்துக்கு வீதி நெடுக மோர், சர்பத், ஊறுகாய்த் தண்ணீர் என்று ஊற்றிக் கொடுப்பார்கள். அன்னதானத்தில் உட்கார்ந்தால் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி. பிள்ளைகளுக்கு ஐஸ்பழமும் பலூனும் வாங்க நூறு, இருநூறு ரூபாய் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாளை நீட்டினால் அந்த நெரிசலில் மிச்சம் வாங்குவது பெரும்பாடு.

ஆனால் ஒன்று. நமக்கு இலவசமாகக் கிடைப்பதற்கு வேறு யாரோ முன்கூட்டியே காசு கட்டியிருக்கிறார்கள். நகரத்துக் கடைக்காரர்கள் உபயமாகத் தருகிறார்கள். தோட்டப்புறக் கோயில்களில் வரி போட்டுத்தான் திருவிழா. தேயிலைக் கொழுந்து எடுப்பவரின் சம்பளத்திலிருந்தே அந்தக் காசைப் பிடித்துக்கொள்ளும் தோட்டங்கள் உண்டு. நாள் சம்பளத்துக்காக வருடக்கணக்காகப் போராடும் சனம் போட்ட காசில் நாம் மோர் குடிக்கிறோம். உண்டியலில் எதையாவது போட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வது பக்திக்காக மட்டுமல்ல.

தேரோடு திரும்பிவிடாமல் இன்னொரு இரவு தங்க முடிந்தால், இதைவிட அபூர்வமான ஒன்று இருக்கிறது. மாசி அமாவாசைக்குப் பிறகு மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் நடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோன கதையை, இரவு முழுக்கத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடிப் போவதுதான் காமன் கூத்து. ரதியாக வருவதும் ஆண்தான். கன்னத்தில் அரிதாரம், தலையில் அட்டை முடி, காலில் சலங்கை. தப்புச் சத்தம் நெருங்கும்போது லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், தூக்கம் கலைந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இதற்கு மேடையும் இல்லை, சீட்டும் இல்லை, அறிவித்தலும் இல்லை. இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கமெல்லாம் தோட்டங்கள் உண்டு. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் எல்லா வருடமும் ஆடுவதில்லை. பையன்கள் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டால் மன்மதனுக்கு ஆள் கிடைக்காது. மாத்தளை பஸ் நிலையத் தேநீர்க் கடையில் "இந்த வருசம் எந்தத் தோட்டத்துல காமன் எரிக்கிறாங்க அண்ணே?" என்று கேட்டால் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். போகும்போது அந்தத் தோட்டத்துக்காரர் ஒருவரோடு போங்கள். கமராவை நீட்டுவதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மறுநாள் பகலுக்கு அலுவிகாரை. நகருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றர்தான். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த பௌத்த மறையான திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த குகை விகாரை. ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சியை ஒடுக்கியபோது பிரித்தானியப் படை இங்கிருந்த ஏடுகளை அழித்தது. இன்றும் எழுத்தாணியால் ஓலையில் கீறி, கரி பூசித் துடைத்து எழுத்தைக் காட்டுவார்கள். உங்கள் பெயரையும் எழுதித் தருவார்கள், காணிக்கை உங்கள் விருப்பம்.

அந்த வழியில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக வரும். "உள்ளே வருவது இலவசம்" என்று அழைப்பார்கள். உண்மைதான், உள்ளே போக இலவசம். கறுவா, ஏலம், சாதிக்காய் எல்லாவற்றையும் மரத்தோடு காட்டி, தோளில் தைலம் தேய்த்து, கடைசியில் கடைக்குள் விடுவார்கள். அங்கே ஒரு சின்னப் போத்தல் எண்ணெயின் விலையைப் பார்த்தால் கண்டிக் கதிரை மலிவு என்று தோன்றும். மிளகும் ஏலமும் வேண்டுமானால் மாத்தளைச் சந்தையில் நிறுத்து வாங்குங்கள்.

மாசியைத் தவறவிட்டவர்கள் வெசாக்குக்கு வரலாம். தோரணம், வெளிச்சக் கூடு, சந்திக்குச் சந்தி தன்சல். வரிசையில் நின்றால் யாருக்கும் சாப்பாடு உண்டு. வெசாக்கின் இரண்டு நாளும் வீதி நெரிசலால் பஸ் ஊர்ந்துதான் வரும் என்பதால், இருட்டுவதற்கு முன்பே நகருக்குள் வந்துவிடுங்கள்.

அடுத்த வாரம் தம்புள்ளை.