வராத வண்டிக்கு யார் அபராதம் போடுவது?



சென்னை மாநகராட்சி 2024 இல் அபராதத் தொகையின் வாலில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தது. பொது இடத்தில் குப்பை கொட்டினால் அதுவரை 500 ரூபாய், அதன்பிறகு 5,000. நின்ற இடத்திலேயே பணம் வாங்கி ரசீது தரும் கைக்கருவியும் வந்தது. அந்த வேகத்தை மெச்சத்தான் வேண்டும். குப்பை அள்ளும் வண்டிக்கும் அதே வேகம் வந்திருந்தால் இன்று இந்தப் பந்தலுக்கு வேலையே இருந்திருக்காது.

தெருவில் குப்பை கொட்டுவது எங்கள் உரிமை என்று வாதாட இங்கே யாரும் கூடவில்லை. ஓடுகிற காரிலிருந்து கூவத்தில் பையை வீசுகிறவரும், இரவோடு இரவாக ஏரிக்கரையில் கட்டட இடிபாடுகளைக் கவிழ்க்கிறவரும் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் சிக்குகிறவர் யார்? ஓடுகிற காரை யாரும் துரத்துவதில்லை. நள்ளிரவு லாரியின் எண்ணை யாரும் குறித்துக்கொள்வதில்லை. பிளாட்பாரத்தில் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இளநீர்க்காரர் மட்டும் எப்போது போனாலும் கிடைக்கிறார். ஆகவே ரசீது அவரைத் தேடிப் போகிறது. கார்க்காரருக்கும் 5,000, இளநீர்க்காரருக்கும் 5,000. ஒருவருக்கு அது ஒரு நாள் ஓட்டல் செலவு. மற்றவருக்கு வீட்டு வாடகை.

அடுத்துச் சிக்குகிறவர் வாடகை வீட்டுக்காரர். கணவனும் மனைவியும் காலை ஏழு மணிக்கு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். பேட்டரி வண்டி ஒருநாள் எட்டரைக்கு வருகிறது, இன்னொரு நாள் பத்துக்கு வருகிறது, மூன்றாம் நாள் வருவதே இல்லை. தெருமுனையில் இருந்த தொட்டியையும் தூக்கிவிட்டார்கள். தொட்டியே இல்லாத தெருதான் தூய தெருவாம். அப்படியென்றால் நேற்றைய மீன் கழிவை அந்தக் குடும்பம் எங்கே வைக்கும்? குளிர்சாதனப் பெட்டியிலா? தொட்டி இருந்த அதே மூலையில் பை வைக்கப்படுகிறது. வண்டி வராத நாளில் கூட அந்த மூலைக்கு அதிகாரி வந்துவிடுகிறார்.

வீட்டுக்குள்ளும் ஒரு கூத்து நடக்கிறது. மக்கும் குப்பை பச்சையில், மக்காத குப்பை நீலத்தில் என்று பள்ளிக்கூடப் பிள்ளை அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறது. அம்மாவும் பிரித்துக் கொடுக்கிறார். பிரித்துக் கொடுத்த இரண்டும் தெருக்கோடியில் ஒரே லாரியின் வயிற்றுக்குள் போவதை மாடியிலிருந்து பார்த்தவர் மறுநாள் எதற்காகப் பிரிப்பார்?

இந்தச் சட்டங்கள் யாரைக் கட்டிப்போட வந்தன என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1996 இல் அல்மித்ரா பட்டேல் என்ற பெண்மணி உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். நகரங்கள் தங்கள் குப்பையை ஊர் எல்லையில் கொட்டிவிட்டுக் கைகழுவுகின்றன என்பது அவருடைய வழக்கு. கூண்டில் நின்றவை அரசுகளும் உள்ளாட்சிகளும். குடித்தனக்காரர் யாரும் அங்கே நிற்கவில்லை. அந்த வழக்கின் விளைவாகத்தான் 2000 இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016 ஏப்ரலில் வந்த புதிய விதிகள் இரண்டு பக்கமும் கடமை எழுதின. வீட்டுக்காரர் பிரித்துக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி, குடிசைப் பகுதி உட்பட ஒவ்வொரு வாசலுக்கும் வந்து வாங்க வேண்டும். பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக வேண்டும். இதற்கெல்லாம் கெடு இரண்டு ஆண்டு. பழைய குப்பைக் கிடங்குகளைச் சீர்செய்ய ஐந்து ஆண்டு.

ஐந்து ஆண்டு 2021 இல் முடிந்தது. மறு ஆண்டு, 2022 ஏப்ரல் 27 அன்று, பெருங்குடிக் கிடங்கு பற்றிக்கொண்டது. நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டாரமே ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூச்சுத் திணறியது. அந்தக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் கொட்டி உயர்த்தியது; அதே ஆண்டு அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடமும் கிடைத்தது! வீட்டுப் பின்புறத்தில் காய்ந்த இலையைக் கொளுத்தினால் அபராதம் என்று விதி இருக்கிறது. பெருங்குடி எரிந்ததற்குப் பள்ளிக்கரணைவாசிக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உள்ளாட்சிகளையும் கேட்டதே என்பார்கள். கேட்டது உண்மைதான். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் திடக்கழிவு விதிகளை நிறைவேற்றாவிட்டால் 2020 ஏப்ரலிலிருந்து மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று ஆணையிட்டது. அந்தப் பத்து லட்சம் யாருடைய பணம்? அதுவும் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கட்டிய வரிதான். குடிமகன் தவறினாலும் குடிமகன் கட்டுகிறான். மாநகராட்சி தவறினாலும் குடிமகனே கட்டுகிறான். சொத்து வரி 2022 இல் வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை ஏறியது. 2024 இல் மேலும் 6 விழுக்காடு. வரி ஏற்றத்துக்கு ஒரு நாள்கூடத் தாமதம் நேரவில்லை.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது, அதற்கு இரையாகிவிடக் கூடாது. வண்டி வராத கோபம் வண்டி தள்ளுகிற அம்மாவின்மேல் பாய்கிறது. அவர் நிலையைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனபோது, மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கியவர்கள் 17,000க்கும் குறைவாக வாங்க வேண்டும் என்றாயிற்று. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 2000 இல் ஓனிக்ஸ் தொடங்கி நீல் மெட்டல், ராம்கி, உர்பேசர் சுமீத் என்று ஒப்பந்த நிறுவனங்கள் மாற மாற, கால் நூற்றாண்டாக வண்டியின் நிறமும் சட்டையின் நிறமும் மாறிக்கொண்டே வந்தன. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேரும் குப்பை மட்டும் இன்றும் பெரும்பகுதி கொடுங்கையூரையும் பெருங்குடியையும் நோக்கியே போகிறது. கூலியைக் குறைத்து ஆளைக் குறைத்தால் வண்டி எப்படி நேரத்துக்கு வரும்? தெருவாசியின் வழக்கும் தூய்மைப் பணியாளரின் வழக்கும் ஒன்றேதான்.

இந்தூரைப் பாருங்கள் என்று அதிகாரிகள் அடிக்கடி சொல்கிறார்கள். பார்ப்போம். 2017 முதல் தூய்மைப் பட்டியலில் தொடர்ந்து முதலிடம் பிடித்த அந்த நகரம், முதலில் வாசலுக்கு வாசல் வண்டியை ஒழுங்காக ஓட்டிக் காட்டியது. பிறகுதான் தெருத் தொட்டிகளை எடுத்தது. அபராதத்தைக் கெடுபிடியாக்கியது வண்டி வருகிறது என்ற நம்பிக்கை பிறந்த பின்னர். 2022 இல் அங்கே ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க நாளொன்றுக்கு 550 டன் கொள்ளும் ஆலையும் திறக்கப்பட்டது. பிரித்துக் கொடுத்ததற்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. நம்மூரில் அபராதம் முதலில் வந்துவிட்டது. மற்றவை வரிசையில் நிற்கின்றன.

2025 அக்டோபரில் பெங்களூரில் இன்னொரு வித்தை நடந்தது. தெருவில் கொட்டியவர்களின் வீட்டு வாசலிலேயே குப்பையைத் திருப்பிக் கொட்டிவிட்டு அபராதமும் போட்டார்கள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். வாராத குப்பையை மக்கள் ஒருநாள் மாநகராட்சி வாசலில் கொண்டுபோய்க் கொட்டினால் அதற்கும் கைதட்டுவார்களா, வழக்குப் போடுவார்களா?

கேட்டால் நடக்காது என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. 2020 டிசம்பரில், வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம், 2021 ஜனவரி முதல் வசூல் என்று அறிவித்தார்கள். ஊரே சத்தம் போட்டதும் பின்வாங்கினார்கள். இப்போதும் சத்தம் போட வேண்டும், கணக்கோடு. ஒவ்வொரு தெருவுக்கும் வண்டி வரும் நேரம் எழுதிய பலகை வேண்டும். வராத நாளுக்குச் சொத்து வரியில் கழிவு வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் பிடித்த தொகையையும் மக்களிடம் வசூலித்த அபராதத்தையும் வார்டுவாரியாக, அருகருகே வைத்து வெளியிட வேண்டும். பகுதி சபை கூடும்போது கவுன்சிலர் முன்னிலையில் இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அங்கே பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். உங்கள் வார்டில் கடந்த மாதம் வண்டி எத்தனை நாள் வந்தது, எத்தனை நாள் வரவில்லை, அதற்காக யாரிடம் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைக் கட்ட வேண்டியவர் அந்த அதிகாரி, தன் சொந்தப் பணத்திலிருந்து.