அலாரம் அடிச்சுக்கிட்டேதான் இருந்தது: சோமாலியாவின் வறட்சியும் வெள்ளமும்

போன வாரமே வந்திருக்க வேண்டிய எபிசோட் இது. ஆபீஸ்ல ரிலீஸ் வேலை இழுத்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கறேன். எங்க ஸ்கூல்ல ரொம்ப ஒல்லியா ஒரு பையன் இருந்தான். அவனுக்கு நாங்க வெச்ச பட்டப்பேர் ‘சோமாலியா’. நானும் கூப்பிட்டிருக்கேன். அந்த நாட்டைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இன்னைக்கு அதைக் கொஞ்சம் சரி பண்ணிக்கலாம்னு பார்க்கறேன்.

ஜூன் மாசம் நமக்கு மழை கொண்டு வர்ற தென்மேற்குக் காத்து, சோமாலியா கடற்கரையை ஒட்டித்தான் வருது. வானிலைக்காரங்க அதுக்கு ‘சோமாலி ஜெட்’னே பேர் வெச்சிருக்காங்க. ஆனா அந்தக் காத்து அங்க பெருசா மழை கொடுக்காது. கேரளாவுலயும் மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் வந்து கொட்டிட்டுப் போகும். அவங்களுக்கு மழைன்னா ரெண்டு பருவம்தான். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ‘கு’, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ‘டெய்ர்’. ஜனவரியில ஆரம்பிக்கிற ‘ஜிலால்’தான் ரொம்ப கடுமையான வறண்ட காலம்.

இப்படி ஒரு ஊர்ல எப்படிப் பிழைக்கறது? நகர்ந்துக்கிட்டே இருக்கணும். ஒட்டகம், ஆடு வளர்க்கிற குடும்பங்கள் இடம் மாறுறதுக்கு முன்னாடி, எங்க மழை பெஞ்சிருக்கு, எங்க புல் இருக்குன்னு பார்த்துட்டு வர ஆள் அனுப்புவாங்க. இதுக்கு ‘சஹன்’னு பேர். வறட்சி வந்தா குடும்பமே ரெண்டாப் பிரியும். இளைஞர்கள் ஒட்டகத்தை ஓட்டிக்கிட்டு ரொம்ப தூரம் போவாங்க. பெண்களும் குழந்தைகளும் ஆடுகளோட தண்ணி இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல தங்குவாங்க. வடக்குப் பகுதியில ‘பெர்காத்’னு சிமென்ட் பூசின தொட்டியை நிலத்துல வெட்டி மழைநீரைச் சேர்த்து வைப்பாங்க. ஒரு மழை பொய்ச்சாலும் தாங்கற அளவுக்கு யோசிச்சு உருவாக்கின வாழ்க்கை இது.

ஆனா 2020 கடைசியில இருந்து 2022 கடைசி வரைக்கும், அஞ்சு மழைப் பருவம் தொடர்ந்து பொய்ச்சுது. அஞ்சு! முப்பது லட்சத்துக்கு மேல கால்நடைகள் செத்துப்போச்சு. இதுல கவனிக்க வேண்டியது, ஆடு சாகறதுக்கு முன்னாடியே அந்தக் குடும்பம் விழ ஆரம்பிச்சுடும். எல்லாரும் ஒரே நேரத்துல மெலிஞ்ச ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டு வந்தா ஆட்டு விலை சரியும். அதே வாரம் தானிய விலை ஏறும். நேத்து வரைக்கும் ஒரு ஆட்டை வித்தா ஒரு மாசம் ஓடும்னா, இன்னைக்கு அந்தப் பணம் சில நாளைக்குக்கூட வராது. போதாக்குறைக்கு 2022-ல உக்ரைன் போர். சோமாலியாவுக்கு வந்த கோதுமையில பெரும்பங்கு ரஷ்யாவுல இருந்தும் உக்ரைன்ல இருந்தும் வந்ததுதான்.

சரி, மழை வந்தா பிரச்சினை தீர்ந்துடுமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். 2023 மே மாசம் ஷபெல்லே ஆறு பெருகி பெலெட்வெய்ன் ஊரை மூழ்கடிச்சுது. ரெண்டு லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டு வெளியேறினாங்க. ஷபெல்லே, ஜூபா ரெண்டு ஆறுமே பிறக்கறது எத்தியோப்பிய மலைகள்ல. அங்க கனமழை பெஞ்சா, இங்க வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். அதே வருஷக் கடைசியில எல் நினோவும், இந்தியப் பெருங்கடலோட மேற்குப் பக்கம் சூடானதும் சேர்ந்துக்கிச்சு. டெய்ர் மழை கொட்டித் தீர்த்துச்சு. நூறு பேருக்கு மேல இறந்தாங்க, பத்து லட்சம் பேருக்கு மேல இடம்பெயர்ந்தாங்க.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது ஆத்தங்கரை. வறண்ட காலத்துல பம்ப்செட்டுக்கு வசதியில்லாத விவசாயி என்ன பண்ணுவார்? கரையை வெட்டி வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவார். பயிர் பிழைச்சுடும். ஆனா வெட்டின இடம் சரியா அடைபடாது. அடுத்த வெள்ளம் அந்த வாய் வழியாத்தான் ஊருக்குள்ள வரும். 1991-ல அரசாங்கம் கவிழ்ந்த பிறகு கரையையும் மதகையும் பராமரிக்க ஆள் இல்லாமப் போச்சு. ராத்திரி அவசரத்துக்கு நாம போடற ஹாட்ஃபிக்ஸ் மாதிரிதான் அந்த வெட்டும். தப்புன்னு சொல்லலாம். ஆனா அன்னைக்கு அவர்கிட்ட வேற என்ன வழி இருந்துச்சு?

கஷ்டம் வந்தா முதல்ல கை கொடுக்கறது சொந்தக்காரங்கதான். குலத்துக்குள்ள ஆளாளுக்குப் பணம் போட்டுத் திரட்டறதுக்கு ‘காரான்’னு பேர். முன்னெல்லாம் பால் கறக்கிற ஒட்டகத்தையே இல்லாதவங்களுக்குக் கொஞ்ச நாள் கொடுத்து வைப்பாங்க. இப்போ அது செல்போனுக்கு வந்துடுச்சு. ஹோர்முத் கம்பெனியோட ‘ஈவிசி பிளஸ்’ சேவைக்கு இன்டர்நெட் வேண்டாம், ஆப் வேண்டாம். பட்டன் போன்ல ஸ்டார்ல தொடங்கற ஒரு நம்பரை டயல் பண்ணா டாலர் போய்ச் சேரும். 16 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 73 சதவீதம் பேர் மொபைல் பணம் பயன்படுத்தறாங்கன்னு 2018-ல உலக வங்கி சொல்லுச்சு. வெளிநாட்டு சோமாலியர்கள் வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல ஊருக்கு அனுப்பறாங்க. ஆனா ஒண்ணு, வெளிநாட்டுல ஆள் இல்லாத குடும்பங்களும் உண்டு. முகாம்ல போய் நிக்கறது பெரும்பாலும் அவங்கதான்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். ஒரு தடவை எங்க சர்வர்ல டிஸ்க் நிரம்புதுன்னு மூணு நாளா அலர்ட் வந்தது. எல்லாரும் மியூட் பண்ணிட்டோம். நாலாவது நாள் எல்லாம் படுத்துடுச்சு. எங்களுக்குப் போனது ஒரு ராத்திரித் தூக்கம், அவ்வளவுதான்.

சோமாலியாவுல 2010-லேயே எச்சரிக்கை வர ஆரம்பிச்சுது. பஞ்சம்னு ஐ.நா. அறிவிச்சது 2011 ஜூலை 20. அப்படி அறிவிக்க அளவுகோல் உண்டு. அதுல ஒண்ணு, ஒரு நாளைக்கு பத்தாயிரம் பேருக்கு ரெண்டு பேர் சாகணும். அதாவது, அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கறதுன்னா சாவுக்காகக் காத்திருக்கறதுன்னுதான் அர்த்தம். தெற்குல அல்-ஷபாப் உதவி அமைப்புகளைத் தடுத்துச்சு. அமெரிக்காவோட பயங்கரவாதத் தடைச் சட்டங்களுக்குப் பயந்து பல அமைப்புகள் ஒதுங்குச்சு. கடைசியில சுமார் 2,60,000 பேர் இறந்தாங்க. அதுல பாதி அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைகள்.

2017-ல பணம் முன்கூட்டியே போச்சு, பஞ்சம் தவிர்க்கப்பட்டுச்சு. ஆக, முடியாத காரியம் ஒண்ணும் இல்ல. 2022-ல பஞ்சம்னு அறிவிக்கவே இல்ல. ஆனா அந்த ஒரு வருஷத்துல வறட்சியால கூடுதலா சுமார் 43,000 பேர் இறந்திருக்கலாம்னு பிறகு வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு.

டேட்டா இருந்தா முடிவு தானா சரியா வரும்னு நம்பற ஆள் நான். இதைப் படிச்ச பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுடுச்சு. அலாரம் அடிச்சா எந்திரிக்கறது யாரு, எழுந்தா அவங்க கையில காசு இருக்குமா, அனுப்ப வழி இருக்குமா? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வெச்சிருக்கணும்.

அந்த ஸ்கூல் நண்பன் இப்போவும் எங்க வாட்ஸ்அப் குரூப்ல இருக்கான். சில பேர் இன்னும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. இந்த எபிசோட் லிங்க்கை முதல்ல அந்த குரூப்லதான் போடப்போறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.