பாட்டி வந்த பாதை

பிள்ளைகளுக்கு உலக அறிவு வேணும்னா வெளிநாட்டுப் பாடத்திட்டம், பெரிய ஃபீஸ், இப்படி ஒரு நினைப்பு நமக்கு. நீலகிரியில பந்தலூர் பக்கம் நெல்லியாளம் இருக்கு. அங்கே உலகப் பாடம் பல வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வெற்றிலை மடிக்குது!

1964 அக்டோபர்ல சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம். இலங்கை மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா குடிமக்களா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. பேசினது ரெண்டு பிரதமர்கள். அந்த மக்களை யாரும் கேக்கல. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேசுவரத்துல இறங்கி, மண்டபம் முகாம் வழியா பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்தாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்னைக்கு அதுக்குப் பேர் டான்டீ.

அவங்க முன்னோர் இலங்கைக்கு முதல்ல போனது எதுக்கு? காப்பித் தோட்டத்துக்கு. 1869-ல அங்கே இலைத்துரு நோய் வந்துச்சு. இலைக்கு அடியில ஆரஞ்சு நிறப் பொடி, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா காப்பி போய் தேயிலை வந்துடுச்சு. அதே நோய் 1970-ல பிரேசில்லயும் தலைகாட்டிச்சு.

வரலாறு, அறிவியல், குடியுரிமைன்னு மூணு பாடம் இதுல இருக்கு. "உங்க பாட்டி எந்தத் தோட்டத்துல கொழுந்து பறிச்சாங்க, எந்த வருஷம் கப்பல் ஏறினாங்க, கேட்டு எழுதிட்டு வா"ன்னு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம். பரீட்சையில இது வராதுங்க. ஆனா பாட்டிக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது, பேசிக்கிட்டே இருப்பாங்க.