விசேட கல்வியின் முதற்படி

வகுப்பிலே கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இருக்கிறது. கேட்ட கேள்விக்கு விடை கூறுவதில்லை. கரும்பலகையில் உள்ளதைப் பிழையாகப் பெயர்த்தெழுதுகிறது. "மந்தபுத்தி" என்ற ஒரு சொல்லோடு ஆசிரியரின் விசாரணை முடிந்துவிடுகிறது. பல வேளைகளில் அப்பிள்ளையின் படிப்பும் அத்துடனேயே முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லை ஆசிரியரின் நாவிலிருந்து அகற்றுவதே விசேட கல்வியில் அடிப்படைத் தராதரப் பத்திரம் பெறுவதற்கான பயிற்சியின் முதல் நோக்கமாகும்.

இலங்கைக்கு இக்கல்வி புதியதன்று. செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கென 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் மிஷனரிப் பெண்மணி தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்று வளர்ந்தது. பின்னர் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் நவீல்ட் பாடசாலை எழுந்தது. ஆயினும் விசேட பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமளித்தல் இயலாது. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரில் கூடிய 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள், சாதாரண பாடசாலைகளே எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றல் வேண்டும் எனப் பிரகடனஞ் செய்தனர். அன்றுமுதல் இப்பொறுப்பு சாதாரண ஆசிரியரின் தோளிலும் ஏறியது.

பயிற்சி பெறும் ஆசிரியர் முதலிற் கற்பது உற்றுநோக்கலாகும். முன்வாங்குக்கு மாற்றியதும் பிழைகள் குறையுமாயின், குறை கண்ணிலே இருத்தல் கூடும். ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிப் பேசும்போது மட்டும் பிள்ளை திகைக்குமாயின், அது உதட்டசைவை நம்பியிருத்தல் கூடும். ஆசிரியர் இவற்றைக் குறித்துவைத்து, பெற்றோருக்கு உணர்த்தி, வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். நோய்க்குப் பெயரிடுதல் அவர் வேலையன்று. அடிப்படைத் தராதரப் பத்திரத்தின் எல்லை அதுவே.

அடுத்தது செயலைப் படிகளாகப் பகுத்தல். சட்டைத் தெறி பூட்டுதல் பெரியோர்க்கு ஒரே செயல். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கோ அது பல செயல்களின் தொகுதி. தெறியைத் துளையிற் பாதிவரை ஆசிரியரே செலுத்திவிட்டு, இறுதி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடலாம். அது கைவந்தபின் அதற்கு முந்திய படியையும் விடலாம். இவ்வாறு ஒவ்வொரு முயற்சியும் வெற்றியிலேயே முடிகிறது. தோல்வியன்றி வேறொன்றும் அறியாத பிள்ளைக்கு இதனினும் பெரிய ஊக்கம் இல்லை.

வரலாறும் ஒரு பாடம் புகட்டுகிறது. விழிப்புலனற்ற இளைஞரான லூயி பிறெயில் 1829ஆம் ஆண்டில், தமது இருபதாவது வயதிலே, ஆறு புள்ளிகளால் அமைந்த எழுத்துமுறையை வெளியிட்டார். அது இன்று தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு உதவுகிறது. மாறாக, 1880ஆம் ஆண்டில் மிலான் நகரிற் கூடிய செவிடர் கல்வி மாநாடு, சைகை மொழியிலும் வாய்ப்பேச்சே மேலானது எனத் தீர்மானித்தது. அங்கே வாக்களித்தோருட் பெரும்பான்மையோர் செவிப்புலன் உடையோரே. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளில் நெடுங்காலம் சைகை தடுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் வன்கூவரிற் கூடிய மாநாடே அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தந் தெரிவித்தது. பிள்ளைக்கு எது நன்மை என்பதை அறிய, அந்நிலையில் வாழ்ந்தோரையும் கேட்டல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

பரீட்சையிற் சித்தியடைந்து பெறும் பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். அதன் உண்மையான பெறுமதி, கடைசி வாங்கிலிருந்த பிள்ளை மறுநாளும் பாடசாலைக்கு வருகிறதா என்பதைப் பொறுத்ததேயாகும்.