தொங்கான்கள் நின்ற கரையில்



சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் மாலையில் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலுள்ள கிளார்க் கீ, போட் கீ பக்கம் போவார்கள். விளக்குகளைப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், திரும்பிவிடுவார்கள். அந்த ஆற்றங்கரைக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இன்று பேசுகிறேன்.

இன்று உணவகங்களாக இருக்கும் கடைவீடுகளில் ஒரு காலத்தில் அரிசியும் ரப்பரும் குவிந்து கிடந்தன. கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்தவை தொங்கான்கள். தொடக்கத்தில் அந்தப் படகுத் தொழிலில் தமிழ் பேசும் சூலியா முஸ்லிம்கள் இருந்தார்கள். பிறகு அது சீனர் கைக்கு மாறியது. போட் கீயை ஒட்டி இன்றும் சூலியா தெரு இருக்கிறது. பக்கத்து மார்க்கெட் தெருவில் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் கிட்டங்கிகளில் லேவாதேவி நடந்தது.

உழைப்பு பெருகப் பெருக ஆறு நாறியது. பன்றிப் பண்ணைக் கழிவு, கடைக்கழிவு, எண்ணெய் எல்லாம் அதில்தான் கலந்தன. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டில் ஆற்றைச் சுத்தமாக்கச் சொன்னார். பண்ணைகள் அகன்றன. தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987இல் வேலை முடிந்தது. பழைய கட்டடங்களை இடிக்காமல் காத்தார்கள். 1993இல் கிளார்க் கீ கேளிக்கைத் தலமாகத் திறந்தது. நாம் ரசிக்கும் அழகுக்காக எத்தனையோ குடும்பங்கள் பழகிய இடத்தையும் பிழைப்பையும் விட்டுப் போயின. அவர்களை நினைப்பது நம் கடமை.

அந்த நினைவோடு ஆற்றின் முகத்துவாரத்தில் நடையைத் தொடங்குங்கள். 1928இல் எழுந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம் முன்பு தலைமை அஞ்சலகம், இப்போது ஹோட்டல். அருகே 1869இன் கேவனா பாலம். அதில் நடந்துதான் போக முடியும். பாலத்தருகே, ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகள். ஆற்றோரச் சிலைத் தொகுதி ஒன்றில் செட்டியார் ஒருவரையும் காணலாம். மறுகரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகம். அடுத்து, 1827இன் பழைய நாடாளுமன்றக் கட்டடம். 2004 முதல் அது கலை அரங்கம். கொஞ்சம் தள்ளி எஸ்பிளனேட் கலையரங்கம். ஆண்டுதோறும் அங்கே கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கிறது. நம் பரதமும் கர்நாடக இசையும் மேடையேறுகின்றன.

அதன் பிறகு சாப்பிட உட்காருங்கள். உடன் வந்த பிள்ளைகளுக்கு, இந்தக் கரையில் மூட்டை சுமந்தவர்களையும் படகு ஓட்டியவர்களையும் பற்றிச் சொல்லுங்கள். அதில் நம்மவர் உழைப்பும் உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.